கரண்ட் வந்ததும்

மின்தடை முடிந்து வீட்டுக் கணினி உயிர்பெறும்போதெல்லாம் மகள் வெண்ணிலாவின் குரல் கூவும்: "அம்மா, கரண்ட் வந்துருச்சு! சாப்ட்டியா?" விளையாட்டாக அவள் எழுதிவைத்த நிரல் அது. கரண்ட் போய் வந்தால் மட்டும் தானாகவே ஓடத் தொடங்கி, ஐந்து நிமிடம் அம்மாவோடு அரட்டையடித்துவிட்டு அடங்கிவிடும்.

வெண்ணிலா விபத்தில் போய் எட்டு மாதம்.

கோடை மின்வெட்டில் அம்மா தனக்கொடி வியர்த்துத் தவிப்பதைப் பொறுக்காமல் கணவர் ரங்கநாதன் பெரிய பேட்டரி வாங்கி மாட்டினார். "இனிமே நம்ம வீட்ல கரண்ட்டே போகாது" என்றார் பெருமையாக.

மறுநாள் மாலை அவர் வீடு திரும்பியபோது, தனக்கொடி மெயின் சுவிட்சைத் திரும்பத் திரும்ப அணைத்துக்கொண்டிருந்தாள். விசிறி நிற்காமல் சுழன்றது.

"என்ன பண்ணாலும் போக மாட்டேங்குதுங்க," என்றாள். "அவ எப்படிங்க என்னைக் கூப்பிடுவா?"