அடுப்போரத்து ஒட்டு

"இவ்ளோ நீளச் சமையல் மேடையில கல்லை ஒட்ட வேற இடமே கெடைக்கலியாய்யா உனக்கு?"

ஞானராஜ் போட்ட சத்தத்தில், வெளியே சாந்து குழைத்துக்கொண்டிருந்தவர்கள்கூடக் கையை நிறுத்திவிட்டார்கள்.

கல்தச்சர் தீர்த்தன் தலைகுனிந்து நின்றார்.

1941-இல் இண்டூரில் நின்றபடி சமைக்கிற மேடை என்பதே அதிசயம். பெங்களூரில் ஒரு துரை வீட்டில் பார்த்துவிட்டு வந்து, தன் புது வீட்டிலும் வேண்டும் என்று கட்டியவர் ஞானராஜ். கல்லும் அவரே தேடிப் பிடித்தது. ரோஜா நிறத்தில் கறுப்பு அலைகள் ஓடும் கல். முழு நீளத்துக்கு ஒரே பலகை கிடைக்கவில்லை. இரண்டை ஒட்டித்தான் ஆகவேண்டும்.

ஒட்டு எங்கே வரவேண்டும் என்று சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டும் காட்டியிருந்தார். தண்ணீர்க்குடம் வைக்கிற மூலை. அங்கே அலைகள் நேராக ஓடுவதால் பொருத்துவதும் சுலபம்.

தீர்த்தன் அதை விட்டுவிட்டு, அடுப்புக்கு ஒரு சாண் முன்னால், அலைகள் சுழித்துக்கொண்டு போகிற இடத்தில் ஒட்டைக் கொண்டுவந்து வைத்திருந்தார்.

உள்ளதைச் சொல்லவேண்டும். அலையோடு அலை அப்படியே கூடியிருந்தது. ஒரு கறுப்புக் கோடுகூட விலகவில்லை. குனிந்து தேடினாலும் ஒட்டு கண்ணில் படாது. தடவினால்தான், நகம் இறங்குகிற அளவுக்கு ஒரு பள்ளம் தட்டியது.

"இதையாவது சாந்து வச்சு நெரவியிருக்கலாமில்ல?"

"என் கைத்தப்புங்க."

"என் தம்பி வூட்டு வேலையும் உனக்குத்தான்னு சொல்லியிருந்தேன். இனி வேண்டாம், போ."

தீர்த்தன் உளியையும் சுத்தியலையும் சாக்கில் சுற்றிக்கொண்டு போய்விட்டார்.

ஞானராஜ் தானே ஒரு கை சாந்து அள்ளி வந்தார். பள்ளத்தில் வைத்து அழுத்தப் போன கையை மனைவி பாக்கியமேரி பிடித்துக்கொண்டாள்.

"அத மூடாதீங்க."

"ஏன்?"

"எனக்குக் கண்ணு மங்கிக்கிட்டே வருதுங்க. அடுப்பு எங்க ஆரம்பிக்குதுன்னே தெரியறதில்ல. கையில இருக்கற தழும்பெல்லாம் எண்ணெய் தெறிச்சதுன்னு பொய் சொன்னேன். உண்மையச் சொன்னா சமையக்கட்டுப் பக்கமே விடமாட்டீங்கன்னு பயம்."

ஞானராஜ் அவள் கையைத் திருப்பிப் பார்த்தார். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை ஏழெட்டுத் தழும்புகள்.

"கல்லு பதிச்சு முடிச்சதும் அவரு என்னைக் கூப்பிட்டாரு. 'விரலு இதுல தட்டுச்சுன்னா அதுக்கு அந்தாண்ட நெருப்புங்கம்மா'ன்னாரு. வேற ஒரு வார்த்தை கேக்கல."

ஞானராஜுக்குச் சுருக்கென்றது. "தாலி கட்டினவன் எங்கிட்ட சொல்லாம, அவருகிட்டப் போயி சொன்னியா?"

"நான் யாருகிட்டயும் சொல்லலீங்க," என்றாள் பாக்கியமேரி. "ரெண்டு வருசமா நீங்க பார்க்காதத, நாலு நாள் வேலைக்கு வந்தவரு பார்த்துட்டாரு."