பிரின்சிபாலின் வீட்டுப்பாடம்

பார்வதியம்மாள் தைத்துக் குவித்திருந்த ஸ்கூல் பைகளை ஒதுக்கி, பத்மஜாவுக்கு உட்கார இடம் செய்தாள்.

தாராவியில் இரும்பு ஏணி ஏறிப் போகும் மாடி அறை. ஏறும்போது பத்மஜா பாதியில் ஒருமுறை நின்றுவிட்டாள். ஏணி மட்டும் காரணமில்லை.

வரும் ஜூனிலிருந்து, செம்பூரில் பல வருஷமாக வேலை பார்க்கும் பள்ளிக்கே அவள் பிரின்சிபால். மாற்றுத்திறனாளிக் குழந்தைகளையும் மற்றப் பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் உட்காரவைப்பது என்று நிர்வாகம் முடிவு செய்திருந்தது. அதற்காக வாஷியில் நான்கு சனிக்கிழமை பயிற்சி. சாய்வுப் பாதை, தனி ஆசிரியர், சட்டம் என்று நாற்பது பக்கம் எழுதியாகிவிட்டது.

கடைசி வீட்டுப்பாடம் ஒரே வரிதான். அப்படி ஒரு குழந்தையின் வீட்டுக்குப் போய், கேட்டுவிட்டு வாருங்கள்.

மற்றவர்கள் தெரிந்தவர் வீடாகப் பார்த்துப் போனார்கள். பத்மஜா பள்ளியின் பழைய விண்ணப்ப ரிஜிஸ்டரைப் புரட்டி இந்த விலாசத்தை எடுத்தாள். போனில், ஒரு ஸ்கூலிலிருந்து பேசுகிறேன், உங்கள் பையனைப் பற்றிக் கேட்க வேண்டும் என்று மட்டும் சொன்னாள்.

பையன் ஹரிக்குப் பதிமூன்று வயது. தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு பையின் ஜிப்பையும் இழுத்து மூடிப் பார்த்துக்கொண்டிருந்தான். சிக்கியதைத் தனியே வைத்தான். வந்தவளை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"முனிசிபல் ஸ்கூல்ல ஏழாப்பு படிக்கான்," என்றாள் பார்வதியம்மாள். "மொதல்ல பெல் சத்தம் கேட்டாலே காதப் பொத்திட்டு ஓடிருவான். இப்பம் பெல் அடிக்கதுக்கு ரெண்டு நிமிஷம் முன்னாலயே அவன் டீச்சர் சொல்லிருதாவ. அம்புட்டுதான், இருந்துக்கிடுதான்."

பத்மஜா எழுதிக்கொண்டாள். நாற்பது பக்கத்தில் இது இல்லை.

டீ வந்தது. குடித்தாள். நோட்டை மூடினாள். திட்டினால் வாங்கிக்கொள்ள வேண்டும், வெளியே போகச் சொன்னால் போய்விட வேண்டும் என்று தீர்மானித்துத்தான் வந்திருந்தாள்.

"ஏழு வருஷத்துக்கு முன்னாடி ஹரியைச் சேர்க்க எங்க ஸ்கூலுக்கு வந்தேள். சீட் இல்லேன்னு சொன்னது நான்தான்." குரல் இறங்கியது. "சீட் இருந்தது."

பார்வதியம்மாள் அவளையே பார்த்தாள். கோபமாகத் தெரியவில்லை. எதையோ தேடுகிற முகம்.

"எந்த ஸ்கூலு டீச்சர்?"

பத்மஜா பேரைச் சொன்னாள்.

"பச்ச கேட்டு போட்டிருக்குமே, அதுவா?"

"இல்லே. நீலம்."

பார்வதியம்மாள் இன்னும் கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு, வந்தவளை ஏமாற்றிவிட்டதுபோலச் சிரித்தாள்.

"ஞாவகம் வரல டீச்சர். பதினோரு ஸ்கூலு ஏறி எறங்கினோம்லா."

பத்மஜாவுக்கு அன்றைக்குப் பார்வதியம்மாள் கட்டியிருந்த சேலையின் நிறம்கூட நினைவிருந்தது. ஏழு வருஷம் தன் ஒருத்தியின் பாவம் என்று சுமந்தது இந்த வீட்டுக் கணக்கில் பதினொன்றில் ஒன்று. அதிலும் எது என்று தெரியாத ஒன்று. இதற்கு எப்படி மன்னிப்புக் கேட்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

பார்வதியம்மாள் அதற்குக் காத்திருக்கவும் இல்லை.

"அது கெடக்கட்டும். இப்பம் இப்பிடிப் பிள்ளையளச் சேப்பீகளா?"

"ஜூன்லேர்ந்து."

அவ்வளவுதான், பார்வதியம்மாள் எழுந்து ஏணி வாசலில் நின்று எதிர்வீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "ஏட்டி அக்தர் பானு! மெஹராஜக் கூட்டிட்டு ஓடியா. ஸ்கூல்ல இருந்து வீடு தேடி வந்திருக்காவ!"

ஏணி தடதடத்தது. காதில் மிஷின் மாட்டிய ஆறு வயதுப் பெண்ணோடு அக்தர் பானு மூச்சிரைக்க வந்து நின்றாள். பத்மஜா நகர்ந்து, தன் பக்கத்தில் இருந்த பைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

மெஹராஜ் வந்து அந்த இடத்தில் உட்கார்ந்தாள்.