ஒரு நிமிடத்தில் ஒன்பது பிடி

ரினோஸா மறுபடியும் எண்ணிப் பார்த்தாள். ஐந்துதான்.

மேல் ரோட்டு மரத்துக்குப் பின்னால் ஒளிந்து நின்று, கைபேசியில் நேரம் வைத்துக் கீழே பார்த்துக்கொண்டிருந்தாள். மலையில் தேயிலைக் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பேச்சியம்மா, ஒரு நிமிடத்துக்கு ஐந்து பிடிக்கு மேல் கூடையில் போடவில்லை.

முந்தாநாள் இதே பேச்சியம்மா, இதே மலையில், ஒன்பது பிடி போட்டாள்.

அன்றைக்கு ரினோஸா பக்கத்திலேயே நின்றாள். "அக்கா, வழக்கமா எடுக்கிற மாதிரியே எடுங்க" என்று சொல்லித்தான் நேரத்தைத் தொடங்கினாள். அந்த மலையில் கொழுந்து எடுத்த ஆறு பெண்களும் பறந்தார்கள். ஒருத்தியும் வெற்றிலை மடிக்கவில்லை. ஒருத்தியும் வாய் பேசவில்லை. ஒரு மணி நேரம் முடிந்ததும் பேச்சியம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு, "போதுமா புள்ள, இன்னுங் கொஞ்சம் எடுக்கவா?" என்றாள்.

இப்போது பாருங்கள். இடுப்பில் கையை வைத்து நிற்கிறாள். என்னமோ சொல்லிச் சிரிக்கிறாள்.

'ஆள் நின்றால் ஒன்பது, நிற்காவிட்டால் ஐந்து' என்று ரினோஸா குறிப்புப் புத்தகத்தில் எழுதினாள். அடியில் இரண்டு கோடு போட்டாள்.

ரினோஸா ஹட்டன் டவுனில் துணிக்கடை வைத்திருக்கும் மீராசாஹிப்பின் மகள். வியாபார முகாமைத்துவம் படிக்கிறாள், முதலாம் வருடம். செயற்பாட்டு முகாமைத்துவப் பாடத்துக்கு மதுரன் சேர் கொடுத்த முதல் ஒப்படை இது. ஒரு வேலையை எடுத்து, அதை நேரம் வைத்து அளந்து வர வேண்டும்.

ஒப்படையை வாசிக்கும் நாளில் அந்தத் தோட்டத்தை நடத்தும் துரையும் வகுப்புக்கு வந்திருந்தார்.

"ஏன் ரினோஸா, ரெண்டு தரம் அளந்தீங்க?" என்றார் மதுரன் சேர்.

"பாத்துட்டு இருந்தா ஒரு மாதிரி செய்வாங்க, பாக்காட்டி ஒரு மாதிரி செய்வாங்கன்னு நீங்கதானே சேர் சொன்னீங்க. அதான் ஒளிஞ்சு நின்னும் அளந்தேன்."

"சபாஷ்! அப்ப ஒன்பதுக்கும் அஞ்சுக்கும் நடுவுல இருக்கிறது என்ன?"

"சோம்பல், சேர்."

பின் வரிசையிலிருந்து அப்ராஸ், "எங்க வாப்பாவும் அப்பிடித்தான் சேர். உம்மா கடைக்கு வந்தா மட்டும்தான் எழும்பி நிப்பாரு" என்றான். வகுப்பே சிரித்தது. துரையும் சிரித்தார்.

சுலக்ஷனா மட்டும் சிரிக்கவில்லை. அவள் நோர்வூட் பக்கம் ஒரு தோட்டத்தில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்திலிருந்து வருகிறவள். எழுந்து நின்றாள்.

"சேர், அன்னைக்கு ஏன் அவ்வளவு வேகமா எடுத்தாங்கன்னு அவங்ககிட்ட யாராச்சும் கேட்டாங்களா?"

மதுரன் சேர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "நல்ல கேள்விதான் மகள். ஆனா 'ஏன்' எல்லாம் இந்தப் பாடத்துல வராது. அது ரெண்டாம் வருஷம், மனிதவளப் பாடத்துல வரும். உக்காருங்க."

துரை முன்னால் சாய்ந்து உட்கார்ந்தார். "இப்ப நாங்க முழுச் சம்பளத்துக்கு ஒரு நாளைக்குப் பதினெட்டுக் கிலோ கேக்குறோம். உங்க கணக்குப்படி எவ்வளவு கேக்கலாம்?"

ரினோஸா சிறிது யோசித்தாள். நாள் முழுக்க ஒன்பது பிடி வேகத்தையே கேட்கச் சொல்வது அநியாயம் என்று பட்டது. பார்த்துப் பார்த்துக் குறைத்துத்தான் சொன்னாள்.

"இருபத்திரண்டு கேக்கலாம் சேர். தாராளமா எடுப்பாங்க."

"இந்த ஒப்படையில எனக்கு ஒரு கொப்பி தாங்க" என்றார் துரை.

வகுப்பிலேயே கூடிய புள்ளி ரினோஸாவுக்குத்தான். எண்பத்தெட்டு.

இரண்டு மாதம் கழித்து, ஹட்டன் பஸ் நிலையத்தில் யாரோ அவள் தோளைத் தட்டினார்கள்.

"புள்ள! என்னைய ஞாபகம் இருக்கா?"

பேச்சியம்மா. கூட இன்னொருத்தி. இரண்டு பேர் கையிலும் ஆஸ்பத்திரித் துண்டுச் சீட்டு.

"இருக்கு அக்கா. எப்படி இருக்கீங்க?"

"அத விடு. பரீட்ச என்னாச்சு? பாஸா?"

"பாஸ் அக்கா. எண்பத்தெட்டு."

பேச்சியம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. கூட வந்தவளை இடித்தாள். "கேட்டியாடி? எம்பத்தெட்டாம்! நான் சொன்னேன்ல?"

ரினோஸாவுக்குக் கூச்சமாக இருந்தது. பேச்சை மாற்ற நினைத்து, "ஆஸ்பத்திரிக்கு என்ன அக்கா?" என்றாள்.

"தோளு புள்ள. தூக்க முடியல. பதினெட்டுக் கிலோ கேட்டவங்க இப்ப இருபத்திரெண்டு கேக்குறாங்க. எடுக்காட்டி அரைப் பேருதான், பாதிச் சம்பளம். இந்த மாசம் பதினொரு நாளு எனக்கு அரைப் பேரு. மூத்தவன டியூசன்ல இருந்து நிப்பாட்டிட்டேன்." பேச்சியம்மா குரலைத் தாழ்த்தினாள். "யாரோ படிச்சவங்க கணக்குப் போட்டுக் குடுத்துருக்காங்களாம். நல்லா இருப்பாங்களா அவங்க?"

அவள் போக வேண்டிய வட்டவளை பஸ் வந்து நின்றது. ரினோஸா ஏறவில்லை. அவள் வாயிலிருந்து அந்தக் கேள்வி மெதுவாக வந்தது.

"அக்கா, அன்னைக்கு நான் வந்தப்ப... ஏன் அவ்வளவு வேகமா எடுத்தீங்க?"

"இதென்ன கேள்வி?" பேச்சியம்மா சிரித்தாள். "டவுனுப் புள்ளைக்குப் பரீட்ச, கடிகாரம் வச்சிப் பாப்பாங்கன்னு கங்காணி சொன்னாரு. அதுக்கப்புறம் ரெண்டு நாளு கைய அசைக்க முடியலதான். அதுக்காக, நாங்க மெல்லமா எடுத்து நீ பெயிலாப் போறதா?"