அணையாத நெருப்பும் அஞ்சு நாள் லீவும்

கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்க. சத்தமாச் சொல்ற விஷயமில்லை. நான் இன்னும் அந்தப் பட்டறையில்தான் சாயம் கலக்குகிறேன்.

குஜராத் பக்கம் ஜேத்பூரில் எங்கள் அமர்ஜோத் சாயப்பட்டறையில் பாய்லர் நெருப்பு முப்பத்தோரு வருஷமாக அணைந்ததே இல்லை. முதலாளி நாத்தாலால் சேட்டோட அப்பா தன் கையால் மூட்டியது. ஞாயிற்றுக்கிழமை, ஜன்மாஷ்டமி, தீபாவளி, எந்த லீவானாலும் சரி, ஆளில்லாத பட்டறையில் நிலக்கரி அது பாட்டுக்கு எரிந்துகொண்டிருக்கும்.

"அது அணையற அன்னிக்கு நீ வேலைக்கு வர வேண்டாம்."

லீவிலும் தனியாக வந்து கரி போட்டுவிட்டுப் போகிற பாய்லர்காரர் மாவ்ஜிபாயிடம் சேட் வாரம் ஒரு தடவையாவது இதைச் சொல்லிவிடுவார்.

இந்த வருஷம் அரசாங்கத்திலிருந்து கடுதாசி வந்தது. எரிக்கிற கரியில் பத்தில் ஒரு பங்கைக் குறைக்கணும். தீபாவளி லீவு முடிந்து பட்டறை திறக்கிற லாப் பஞ்சமிக்குள் வழி பண்ணாவிட்டால் பாய்லருக்கு சீல்.

பாய்லருக்கு சீல் என்றால் நாங்கள் அறுபது பேரும் வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

சேட் ராஜ்கோட்டிலிருந்து வக்கீல் தருலதாபென்னைக் கூட்டிவந்தார். தொழில் நடத்துகிறவர்களுக்குக் கரி, கரண்ட், புகை சம்பந்தப்பட்ட சட்டம் சொல்வதுதான் அந்தம்மாவுக்கு வேலை.

"கேஸ் போடுங்க தருபென்! எங்கப்பா ஏத்தின நெருப்பு. எனக்கு அது சாமி. சாமியை அணைக்கச் சொல்ல இவங்க யாரு?"

"போடலாம் சேட். ஏழு வருஷத்துல ஜெயிச்சும் குடுத்துடறேன். சீல் மட்டும் அடுத்த மாசமே வந்துடும்."

சேட் எழுந்து அந்தம்மாவுக்குப் பட்டறையைக் காட்டக் கிளம்பினார்.

அந்தம்மா சட்டப் புத்தகத்தைத் திறக்கவே இல்லை. பட்டறை முழுக்க நடந்தார். நீராவிக் குழாய் பக்கம் கையைக் கொண்டுபோய்ச் சட்டென்று இழுத்துக்கொண்டார்.

"குழாயெல்லாம் அம்மணமா நிக்குது. சூடெல்லாம் ஊருக்குப் போகுது. முதல்ல இதுக்கு உறை போடுங்க."

அப்புறம் பாய்லர் பக்கம் போனார். "மாவ்ஜிபாய் மட்டும் இருக்கட்டும். மத்தவங்க வெளியில போங்க."

"போச்சு. அந்த மனுஷன் தலையில பழியைக் கட்டப்போறா" என்று வெளியே முணுமுணுப்பு. சாயத் தொட்டிக்குப் பின்னால் நான் இருந்தது யாருக்கும் தெரியாது.

மாவ்ஜிபாய் குனிந்து கரியைக் கிளறினார். சட்டைப்பையில் கிலுகிலு என்று ஏதோ சத்தம்.

"பீடி குடிப்பீங்களா?"

"ஐயய்யோ! ஸ்வாமிநாராயண் பக்தன் வக்கீலம்மா. வெங்காயங்கூடத் தொட மாட்டேன்."

"நெருப்பு அணைஞ்சதே இல்லை. ஆளு பீடி குடிக்கிறதில்லை. அப்புறம் பையில தீப்பெட்டி எதுக்கு?"

மாவ்ஜிபாய் கையிலிருந்த கம்பி கீழே விழுந்தது.

"வெள்ளம் வந்த வருஷம், அடுப்புக்குள்ள தண்ணி பூந்துடுச்சும்மா. யாரும் வர்றதுக்குள்ள நானே மூட்டிட்டேன். என்னைத் துரத்தறது கிடக்கட்டும். தெரிஞ்சா சேட் மனசொடிஞ்சு போயிடுவாரு."

"அந்த ஒரு தடவைதானா?"

"...நாலு."

அந்தம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"என்கிட்ட யோசனை கேட்டது கரியைப் பத்தி. தீக்குச்சியைப் பத்தி யாரும் கேக்கலை."

வெளியே வந்து சேட்டிடம் சொன்னார்:

"நெருப்பை அணைக்க வேண்டாம். இடம் மாத்துங்க. லீவுக்கு முந்தி பாய்லர்ல இருந்து ஒரு கண்ணாடி விளக்குல ஏத்தி உங்க வீட்டுப் பூஜையறைக்குக் கொண்டு போங்க. லீவு முடிஞ்சதும் அந்த விளக்குல இருந்தே பாய்லரை மூட்டுங்க. சாமி வீட்ல இருக்கும், கரி குடோன்ல இருக்கும். எல்லா ஞாயிறும் பண்டிகையும் சேர்ந்தா, குழாய்க்கு உறையும் போட்டா, கடுதாசி கேக்கிற கணக்கு தாராளமா வந்துடும்."

"வீட்ல அணைஞ்சுட்டா?"

"உங்கப்பா நெருப்பு. நீங்களே காவல் இருங்க."

தீபாவளிக்கு முதல் சோதனை. சேட் விளக்கைக் குழந்தை மாதிரி தூக்கிக்கொண்டு போனார். நடுவில் ஒருநாள் கடுதாசி அனுப்பின ஆபீஸ்காரர் வந்து, சில்லென்று கிடந்த பாய்லரைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்.

லாப் பஞ்சமி காலை. எல்லோரும் புதுத்துணியில் வாசலில் நின்றோம். சேட் செருப்பில்லாமல், இரண்டு கையாலும் விளக்கை ஏந்திக்கொண்டு வந்தார். கண் இரண்டும் சிவந்து கிடந்தது.

"அஞ்சு நாள்! பொண்டாட்டியைக்கூட கிட்ட விடலை. ஒரு நொடி அணையலை, தெரியுமா!"

மாவ்ஜிபாய் பயபக்தியோடு வாங்கி அடுப்பை மூட்டினார். நெருப்பு குபுகுபுவென்று பிடித்துக்கொண்டது.

பின்னாலேயே தருலதாபென் ஃபைலோடு வந்தார்.

"ஆபீஸ்ல ஒத்துக்கிட்டாங்க. சீல் கிடையாது."

அறுபது பேரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டோம். யாரோ ஒருத்தர் கொறிக்க வைத்திருந்த காட்டியா பொட்டலத்தையே பிரித்துவிட்டார்.

சேட் அழுதேவிட்டார். "அப்பா!" என்று பாய்லர் முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

விழுந்த வேகத்தில், அவர் குர்த்தாப் பையிலிருந்து எதுவோ நழுவி, சறுக்கிக்கொண்டே போய் மாவ்ஜிபாய் காலடியில் நின்றது.

தீப்பெட்டி. வாங்கி அஞ்சு நாள்கூட ஆகியிருக்காது. உரசுகிற பக்கம் மட்டும் பாதி தேய்ந்திருந்தது.

சேட்டும் பீடி பக்கமே போகாதவர்.

மாவ்ஜிபாய் அதைப் பார்த்தார். சேட்டைப் பார்த்தார். அவர் கை தானாகப் போய்த் தன் சட்டைப்பையை அமுக்கிக்கொண்டது.

சேட் தலையைத் தூக்குவதற்குள் தருலதாபென் கையிலிருந்த ஃபைல் தொப்பென்று அதன்மேல் விழுந்தது.

"அடடா, கை நழுவிடுச்சு. எழுந்திருங்க சேட், இனிப்பு குடுங்க எல்லாருக்கும்!"

சொல்லிக்கொண்டே குனிந்து, ஃபைலையும் அதற்கடியில் இருந்ததையும் சேர்த்தே அள்ளித் தன் கைப்பைக்குள் போட்டு, ஜிப்பை இழுத்து மூடினார்.