அடங்காத கணேசு

காலை மாத்திரையைக் கையில் எடுத்த பூவம்மா, மகள் கம்சலா தோழியிடம் போனில் பேசியது காதில் விழ, அப்படியே நின்றுவிட்டாள்.

"கணேசு குடும்பத்துல ஐந்நூறு பேருக்கு மேல. மத்தவங்கல்லாம் காலையில தோட்டத்துப் பெரட்டுல பேர் கூப்பிட்ட மாதிரி, சொன்னாத்தான் வேலைக்கு எறங்குவாங்க. இவன் பூட்டு ஒடஞ்சவன், கூப்பிடாமலே ஆடுறான். ஆனா நான் விடுறதா இல்ல!"

மகள் போனை வைத்ததும் பூவம்மா அவளைப் பிடித்துக்கொண்டாள்.

"யாருடி அந்தக் கணேசு? பண்டாரவளை மாப்பிள்ளை வீட்டுக்கு இன்னைக்குப் பதில் சொல்லணும். அவனை மறந்துடு!"

"முடியாதும்மா. கொழும்புக்குப் போய் மூணு வருசம் அவனோடதான் மல்லுக்கட்டப் போறேன்."

"லயத்துச் சனமே சிரிக்கும்டி!"

"சிரிக்கட்டும். அது கணேசு இல்லம்மா, கைனேஸ். ஒடம்புக்குள்ள செய்தி கடத்துற நொதியம். பூட்டு ஒடஞ்ச ஒண்ணுதான் ஒன் ரத்தத்தைக் கெடுத்து, புத்துநோயைக் கொண்டு வந்துச்சு. ஒன் கையில இருக்குற மாத்திரைதான் அது வாயை அடைச்சு வச்சிருக்கு. நாளைக்கு இதுக்கும் அடங்காமப் போகலாம். அதுக்குள்ள வேற பூட்டு கண்டுபிடிக்கணும். அதுக்குத்தான் கொழும்புல மூணு வருச ஆராய்ச்சி."

பூவம்மா மாத்திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய போன் அடித்தது. பண்டாரவளைதான்.

"ஆமாங்க, பொண்ணு வேற ஒருத்தனைப் பிடிச்சிருச்சு. பேரு கணேசு. அவனை அடக்கிட்டு வந்தப்புறம்தான் கல்யாணம். காத்திருக்க முடியாதுன்னா வேற எடம் பாருங்க!"

போனை வைத்துவிட்டு, மாத்திரையை வாயில் போட்டு மடக்கென்று விழுங்கினாள்.

"அதுவரைக்கும் கெடடா உள்ள!"