ஆர்டிஸ் காட்டில் ஒரு பரண்

ஆர்டிஸின் காட்டில் மான் வேட்டையாட லீலண்டுக்கு அனுமதி கிடைத்துவிட்டது என்பதை ஊரில் யாரும் நம்பவில்லை.

உண்மையைச் சொன்னால், லீலண்டே நம்பவில்லை.

அவன் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவன். நாற்பத்தெட்டு வயதில் திடீரென்று ஆசை வந்து, துப்பாக்கி போல் விசையை அழுத்தி அம்பு விடும் குறுக்குவில் ஒன்று வாங்கியிருந்தான். ஆர்டிஸ் மாட்டுப் பண்ணைக்காரி. விஸ்கான்சினின் அந்த மூலையில் அவள் காட்டைப் போல் மான் நடமாடும் காடு வேறு கிடையாது. ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் வேட்டைக்காரர்கள் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு அவள் வாசலில் நிற்பார்கள். வண்டி சத்தம் அதிகம் என்று ஒருவனை அனுப்பிவிடுவாள். பூட்ஸில் சேறு என்று இன்னொருவனை.

இத்தனைக்கும் தீவனக்கடையில் அவளைப் போல் மான்களைத் திட்டுகிறவர்கள் இல்லை. சோளத்தையெல்லாம் தின்று தீர்க்கிற சனியன்கள் என்பாள்.

லீலண்டின் மனைவிக்கு அண்ணன் டுவெய்ன். வீட்டுச் சுவர் நிறையக் கொம்புகளாக மாட்டி வைத்திருப்பவன். அவனையே வருஷக்கணக்காகத் திருப்பி அனுப்பியவள் ஆர்டிஸ். செய்தி கேட்டதும் காபிக் கோப்பையோடு லீலண்டின் கடைக்கே வந்துவிட்டான்.

"அம்பு விட்டுக் காட்டச் சொன்னாளாமே?"

"ஆமா மச்சான். வைக்கோல் கட்டைப் பார்த்து."

"பட்டுதா?"

லீலண்ட் ஒளிக்காமல் சொன்னான். நாணை இழுத்து மாட்டுவதற்கே மூச்சு வாங்கியது. முதல் அம்பு கட்டுக்கு மேலே பறந்து, கொடியில் காய்ந்த படுக்கை விரிப்பைத் துளைத்தது. இரண்டாவது எங்கே போனதென்று இன்றுவரை தெரியவில்லை. ஆர்டிஸ் விரிப்பைப் பிரித்துப் பிடித்து, ஓட்டை வழியாக அவனைப் பார்த்தாள். பிறகு சனிக்கிழமையிலிருந்து வரலாம் என்றாள்.

டுவெய்ன் சிரித்த சிரிப்பில் காபி மூக்கு வழியாக வந்தது.

"ஊர்க் கண்ணையெல்லாம் சோதிக்கிறது நீதானே மாப்ளே? உன் கண்ணை யாரு சோதிக்கிறது?"

சிரித்து முடித்ததும் அவனுக்குக் கோபம் வந்தது. அந்தப் பொம்பளைக்குக் கிறுக்கு, என்னை அவமானப்படுத்தத்தான் இப்படிச் செய்கிறாள் என்றான். ஆனாலும் ஒன்றும் செய்வதற்கில்லை. ஒரு காட்டில் ஒருவனுக்கு வாக்குக் கொடுத்தாகிவிட்டால், அந்தப் பருவம் முழுக்க வேறு எவனும் அங்கே காலெடுத்து வைக்க மாட்டான். அது அந்த ஊர் வேட்டைக்காரர்களின் மரியாதை.

நம்பி இடம் கொடுத்தவளின் முகத்தைக் காப்பாற்ற வேண்டுமே என்று லீலண்ட் பாடுபட்டான். கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டு அம்பு விட்டுப் பழகினான். மரத்தில் பரண் கட்டி, விடியும் முன்பே ஏறி உட்கார்ந்தான். அணில்கள் அவன் பூட்ஸ் மேல் ஓடின. இலைகள் மஞ்சளாகி, சிவப்பாகி, அவன் மடியில் உதிர்ந்தன. இவ்வளவு சந்தோஷமாக எப்போதும் இருந்ததில்லை. ஒரு மானைக்கூட வீழ்த்தாதவனுக்கு இத்தனை சந்தோஷம் அடுக்குமா என்றுகூட யோசித்தான்.

நவம்பரில் ஒரு காலை, கொம்பு விரிந்த கலைமான் ஒன்று பரணுக்கு நேர் கீழே வந்து நின்றது. வில் தயாராக இருந்தது. குறியும் சரியாக இருந்தது. மான் உடம்பைச் சிலுப்பி, முதுகிலிருந்த உறைபனியை உதறியது. அதன் மூச்சு புகையாக எழுந்தது. விசையை அழுத்த வேண்டும் என்று அவனுக்கு ஞாபகம் வந்தபோது மான் போய்விட்டிருந்தது.

மறந்தேனா, மனசு வரவில்லையா? வீடுவரை கேட்டுக்கொண்டே வந்தான். டுவெய்னிடம் குறி தப்பிவிட்டது என்று சொல்லிவிட்டான்.

ஜனவரியில் பருவம் முடிந்தது. காடு கொடுத்தவருக்கு மான்கறியில் பங்கு கொடுப்பது வழக்கம். லீலண்டிடம் ஏது? மனைவி சுட்ட ஆப்பிள் கேக்கை எடுத்துக்கொண்டு, தலை குனிந்து போனான். அடுத்த வருஷம் அந்தக் காடு எனக்குத்தான் என்று டுவெய்ன் அதற்குள் ஊரெல்லாம் சொல்லியிருந்தான். மானை விட, அந்தப் பரண் கைவிட்டுப் போய்விடுமோ என்பதுதான் லீலண்டுக்குப் பெரிய கவலை.

"ஒண்ணுகூடவா விழலை?" என்றாள் ஆர்டிஸ்.

"இல்லைம்மா."

"அடிபட்டு ஓடினது ஏதாவது?"

"அதுவும் இல்லை."

ஆர்டிஸ் கேக்கில் பெரிய துண்டாக வெட்டி அவன் தட்டில் வைத்தாள். பரிதாபப்படுகிறாள் என்று அவன் நினைத்தான். அது இன்னும் வலித்தது.

"அடுத்த வருஷம் இப்படி இருக்காதும்மா. இடத்தை வேற யாருக்கும் கொடுத்துடாதீங்க. இப்பவே குறி நல்லாப் படுது. கோடை முழுக்கப் பயிற்சி வகுப்பு இருக்கு. வில் போட்டியில மாநிலத்துலயே முதலாவதா வந்தவரு சொல்லித் தர்றாராம். பேர் கொடுத்துட்டேன்."

அவள் கையிலிருந்த கத்தி அப்படியே நின்றது.

எழுந்துபோய் ஜன்னல் திரையை விலக்கினாள். பின்பக்க வயலில் சோளமெல்லாம் எப்போதோ அறுத்தாகிவிட்டது. ஓரத்தில் நாலு வரிசை மட்டும் கதிரோடு நின்றது. அதற்குள் மான்கள், குட்டிகளோடு, சாவகாசமாக மேய்ந்துகொண்டிருந்தன.

"அறுக்க மறந்துட்டீங்களா?"

"வருஷா வருஷம் மறந்துடறேன்."

லீலண்ட் அவளையும் மான்களையும் மாறி மாறிப் பார்த்தான்.

"யாருக்கும் கிடையாதுன்னு சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். திருட்டுத்தனமா வந்தானுங்க. ஒருத்தனுக்குக் கொடுத்துட்டா மத்தவன் எவனும் வரமாட்டான். அந்த ஒருத்தன் கிடைக்கத்தான் இத்தனை வருஷம் ஆச்சு."

திரையைச் சத்தமில்லாமல் மூடிவிட்டு வந்து, அவன் தட்டில் இன்னொரு துண்டு வைத்தாள்.

"அடுத்த வருஷமும் இடம் உனக்குத்தான் லீலண்ட். அந்த வகுப்புலேர்ந்து மட்டும் பேரை எடுத்துடு."