மீதியில்லாமல் வகுபடும் மாப்பிள்ளை

"அறுபத்து மூன்று கோடியே, தொண்ணூற்றொன்பது லட்சத்து, எண்பத்தோராயிரத்து, முந்நூற்று நாற்பத்திரண்டு!" புண்ணியமூர்த்தி மந்திரம்போல் வாசித்தார். "ஆரின்ரை எண் இது?"

"என்னைக் கலியாணம் கேக்கிற ஒருத்தரின்ரை, ஐயா" என்றாள் வதனா. "ஓம் எண்டு சொல்லவோ, வேண்டாமெண்டு விடவோ? இண்டைக்கு மறுமொழி சொல்ல வேணும். முதல் கலியாணந்தான் முறிஞ்சு போச்சு."

பாரிசின் லா சப்பலில், நகைக்கடைக்கு மேலிருந்த அறை. வாசலில் 'எண்ணியல் பேரறிஞர்' என்று பித்தளைப் பலகை. இரட்டைக் கண்ணாடிக்கு அப்பால், பாலத்தின்மேல் மெத்ரோ ரயில் சத்தமில்லாமல் மிதந்து போனது. வதனாவின் நெற்றியில் ஒரு மழைத்துளி, இறங்குவோமா வேண்டாமா என்று நின்றது. மனைவி இறந்தபின் பேரறிஞர் ஒரு முகத்தை இவ்வளவு நேரம் பார்த்ததில்லை. அந்த யன்னலடியில் வதனா தேத்தண்ணி ஆற்றுவதுவரை கற்பனையில் கண்டுவிட்டார். எவனோ ஒருவன் கொண்டுபோகப் போகிறானே!

"இரட்டை எண். ரெண்டாலை வகுபடும்" என்றார் கடுமையாக.

"உலகத்திலை பாதி எண் அப்பிடித்தானே, ஐயா?"

"மூண்டாலையும் வகுபடும். ஏழாலை, ஒன்பதாலை, பதினொண்டாலை, பதிமூண்டாலை! ஒரு சொட்டு மீதி வராது. முதன்மை எண்ணெண்டால் ஒண்டாலையும் தன்னாலையும் மட்டுந்தான் வகுபடும். குடும்பத்துக்கு அதுதான் வேணும். இது வாற ஆக்களுக்கெல்லாம் பங்கு போற எண்."

"பதிமூண்டு பேருக்கோ?" அவள் சிரித்துவிட்டாள்.

"சிரியாதேங்கோ. இந்த ஆள் ஒரு வீட்டிலை தங்க மாட்டார். கணக்குப் பொய் சொல்லாது."

கணக்கில் பொய்யில்லைதான். மற்றதெல்லாம் அந்த மழைத்துளி சொல்ல வைத்தது.

வதனா பெருமூச்சோடு எழுந்தாள். "அப்ப வேண்டாமெண்டு சொல்லிவிடுறன். கலியாணப் புரோக்கர் சாரதாதேவி அக்கா நல்ல மனுசன் எண்டுதான் சொன்னவ. பெரிய ஆளாம், பேர் வெளியிலை வரக்கூடாதாம். போன் நம்பர் மட்டும் தந்தவ. அவ பிரெஞ்சிலை ரெண்டு ரெண்டு இலக்கமாச் சோடி சோடியாச் சொன்னதை, உங்கடை முறைப்படி முன் பூச்சியத்தை வெட்டி ஒரே எண்ணா எழுதிக்கொண்டு வந்தனான்."

கதவு சாத்தியது. படிகளில் அவள் காலடி தேய்ந்து மறைந்தது.

பேரறிஞர் பூச்சியத்தைத் திரும்பச் சேர்த்து, பிரெஞ்சில் சோடி சோடியாக வாசிக்கத் தொடங்கினார். மூன்றாவது சோடிக்குப் பிறகு அவருக்குத் தாள் தேவைப்படவில்லை. பேரைச் சொல்லிப்போடாதேங்கோ என்று போன கிழமை சாரதாதேவியிடம் அவரே கொடுத்த சொந்த இலக்கம் அது.